முகூர்த்தத்துக்கு முன்னா, தாலிக்குப் பின்னா? மணமக்கள் பார்த்துக்கொள்ளும் நேரத்தை முடிவு செய்ய

கல்யாணத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது போட்டோகிராபரிடமிருந்து கேள்வி வரும்: “காலையில முகூர்த்தத்துக்கு முன்னாடி கப்புள் ஷூட்டுக்கு அரை மணி நேரம் கிடைக்குமா?” பெண்ணும் மாப்பிள்ளையும் சரி என்பார்கள். வீட்டுப் பெரியவர்களில் ஒருவர், “தாலி ஏறுறதுக்கு முன்னாடி ரெண்டு பேரும் பார்த்துக்கக் கூடாது” என்று நிறுத்துவார். அதே வீட்டில், முதல் நாள் மாலை 7 மணியிலிருந்து 10.30 வரை இருவரும் ரிசப்ஷன் மேடையில் ஜோடியாக நிற்பதற்கும் ஏற்பாடு ஆகியிருக்கும்.

இரண்டும் முரணாகத் தெரியலாம். ஆனால் பெரியவர்களிடம் உட்கார்ந்து பேசினால் அவர்கள் எதைச் சொல்கிறார்கள் என்பது விளங்கும். பெண் பார்த்த நாள், நிச்சயதார்த்தம், நகைக்கடை, ஜவுளிக்கடை என்று பத்துத் தடவை பார்த்த முகத்தை மறைத்துவைக்கச் சொல்லி அவர்கள் கேட்பதில்லை. கூறைப்புடவை உடுத்தி, முகூர்த்த மாலை போட்டு, மணவறைக்கு வருகிற அந்தக் கோலத்தை மாப்பிள்ளை மணவறையில்தான் பார்க்க வேண்டும் என்கிறார்கள். இது நியாயமான ஆசை, காப்பாற்ற வேண்டிய ஆசை. அதைக் காப்பாற்றிவிட்டால் மிச்சம் எல்லாம் நேரக் கணக்குதான்.

நடைமுறையில் நான்கு வழிகள் உண்டு. மணவறை வரைக்கும் பார்த்துக்கொள்வதே இல்லை என்பது ஒன்று. முகூர்த்த நாள் விடியற்காலையில், சடங்கு தொடங்கும் முன், 15 அல்லது 20 நிமிடம் தனியாகச் சந்திப்பது இன்னொன்று. முதல் நாள் ரிசப்ஷனிலேயே ஜோடிப் படங்களை முடித்துக்கொண்டு, மறுநாள் காலையைச் சடங்குக்கு மட்டும் விட்டுவிடுவது மூன்றாவது. தாலி கட்டியபின், அன்றைக்கோ பிறகு வேறொரு நாளோ எடுப்பது நான்காவது. எது பொருந்தும் என்பதை முகூர்த்த நேரமும் குடும்ப வழக்கமும் பெரும்பாலும் தீர்மானித்துவிடும். போட்டோகிராபரின் விருப்பம் கடைசியாகத்தான் வர வேண்டும்.

முதலில் வழக்கத்தைக் கேளுங்கள்

“பார்க்கக் கூடாது” என்பது எல்லாக் குடும்பத்திலும் ஒரே பொருளில் சொல்லப்படுவதில்லை. பிராமணக் கல்யாணங்களில் காசியாத்திரை, மாலை மாற்றல், ஊஞ்சல் மூன்றும் கன்னிகாதானத்துக்கும் மாங்கல்யதாரணத்துக்கும் முன்பே நடக்கின்றன. மாமன்மார் தோளில் ஏற்றிக்கொள்ள, இருவரும் மாலை மாற்றி, ஊஞ்சலில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பாலும் பழமும் சாப்பிட்ட பிறகுதான் தாலி. அங்கே தாலி வரைக்கும் பார்க்காமல் இருப்பது நடக்கவே நடக்காது. அதே கல்யாணத்தில், மாப்பிள்ளை பெண்ணைப் பார்ப்பதற்கென்றே மந்திரம் ஒன்று இருக்கிறது. ‘அகோர சக்ஷு’ என்று தொடங்கும் அது, கண்ணில் கடுமை இல்லாதவளாக இருக்க வேண்டும் என்று கேட்கும் ரிக்வேத மந்திரம். பார்ப்பது அங்கே ஒரு சடங்காகவே வைக்கப்பட்டிருக்கிறது. காலையில் சந்தித்துவிட்டால் அந்த மந்திரத்துக்குக் குறை வராது. சந்தேகம் இருந்தால் சாஸ்திரிகளிடமே கேட்டுவிடலாம்.

தெலுங்கு பேசும் குடும்பங்களில் கணக்கு வேறு. இருவருக்கும் நடுவில் திரை பிடித்திருப்பார்கள். சரியாக முகூர்த்த நேரத்தில், சீரகமும் வெல்லமும் சேர்த்து அரைத்ததை ஒருவர் தலையில் ஒருவர் வைத்த பின்பே திரை விலகும். தஞ்சாவூர் மராத்தியர் வீடுகளில் இதேபோல் இருவருக்கும் நடுவில் பிடிக்கும் அந்தர்பட் என்ற துணி இருக்கிறது. மங்களாஷ்டகம் பாடி முடித்ததும் அதை இறக்குவார்கள். இந்த இரண்டில் எந்த வழக்கம் உள்ள வீட்டிலும் காலைச் சந்திப்பு வேண்டவே வேண்டாம். திரை விலகும் நொடிக்காகத்தான் அத்தனை ஏற்பாடும். அதற்கு ஒரு மணி நேரம் முன்னால் மாடியில் நின்று படம் எடுத்துக்கொண்டால் திரைக்கு வேலை இல்லாமல் போகிறது.

மற்றச் சமூகங்களில் பெரும்பாலும் கேட்க வேண்டியது ஒன்றே: காப்பு எப்போது கட்டுகிறீர்கள்? காப்புக் கட்டியபின் மணமக்கள் வாசல் தாண்டக் கூடாது என்று பல வீடுகளில் கண்டிப்பாகச் சொல்வார்கள். பக்கத்துக் கடற்கரையிலோ பழைய பங்களாவிலோ சூரிய உதயத்தில் படம் என்று போட்டோகிராபர் திட்டம் போட்டிருப்பார். முதல் நாள் மாலையே காப்புக் கட்டியிருப்பார்கள். காலை 5 மணிக்குக் கார் வந்து நிற்கும்போது வாசலில் சண்டை வரும். காப்பு முதல் நாளே என்றால், சந்திப்பு மண்டபத்து மதில் சுவருக்குள்தான் என்று அன்றைக்கே முடிவு செய்துவிடுங்கள்.

நம் கல்யாணத்துக்குள்ளேயே அந்தத் தருணம் இருக்கிறது

மேல்நாட்டு வழக்கத்தில் மணப்பெண்ணின் உடுப்பு ஒன்றே ஒன்று. அதில் அவளை முன்கூட்டியே பார்த்துவிட்டால், தேவாலயத்தில் புதிதாகப் பார்க்க ஒன்றும் மிஞ்சாது. அங்கே இந்தக் கேள்வி அவ்வளவு பெரிதாக இருப்பதற்கு அது ஒரு காரணம். நம் கல்யாணம் அப்படி அமைந்ததில்லை. பெண் முதலில் வேறு ஒரு பட்டில் மணவறைக்கு வருகிறாள். பூஜை செய்து, பெரியவர்கள் தொட்டு ஆசீர்வதித்த கூறைப்புடவையைத் தட்டில் வைத்துக் கொடுக்கிறார்கள். அதை வாங்கிக்கொண்டு உள்ளே போய், உடுத்தி, மறுபடி வருகிறாள். அந்த இரண்டாவது வருகைதான் நம் கல்யாணத்தின் முதல் பார்வை. விடியற்காலையில் 20 நிமிடம் சந்தித்திருந்தாலும் அது கெடாது, ஏனென்றால் அந்தப் புடவையில் அவளை இன்னும் யாருமே பார்த்திருக்க மாட்டார்கள்.

அதனால் ஒரே ஒரு கட்டுப்பாடு: கூறைப்புடவையை முன்கூட்டி உடுத்திப் படம் எடுக்காதீர்கள். “முகூர்த்தப் புடவையிலேயே இப்பவே எடுத்துடலாம், அப்புறம் நேரம் இருக்காது” என்று யோசனை வரும். ஆசீர்வாதத்துக்குத் தட்டில் வைக்க வேண்டிய புடவை, ஏற்கெனவே உடுத்திக் கசங்கிய புடவையாக மேடைக்கு வரும். சடங்குப்படியும் தவறு, அந்தத் தருணமும் போய்விடும்.

அந்த வருகையை நெருங்கிப் பாருங்கள். மாப்பிள்ளை அரை மணி நேரமாக ஹோமப் புகையில் உட்கார்ந்திருக்கிறார், கண் சிவந்திருக்கிறது. பெண்ணை நாத்தனார் கையைப் பிடித்து அழைத்து வருகிறார். தலை குனிந்திருப்பதால் நெற்றிச்சுட்டி முன்னும் பின்னும் ஆடுகிறது. புதுப் புடவையின் கொசுவம் கால் விரலில் தட்டுவதால் அடி சிறிதாக வைக்கிறாள். மணவறையின் முதல் படியில் கால் வைக்கும்போது புடவையைச் சற்றுத் தூக்க வேண்டியிருக்கும், அப்போதுதான் நிமிர்வாள். இருவர் கண்ணும் சந்திப்பது அந்த ஐந்து நொடி.

அந்த ஐந்து நொடி பெரும்பாலான கல்யாணங்களில் வீணாகிறது. காரணங்கள் எல்லாம் சின்னவை. பெண் அறை முதல் மாடியில் இருக்கும், லிஃப்ட் மேடைக்குப் பின்பக்கம் திறக்கும். பெண் பின்னாலிருந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்த பிறகுதான் மாப்பிள்ளைக்கே தெரியும். அல்லது அவர் குனிந்து சங்கல்பம் சொல்லிக்கொண்டிருப்பார். அல்லது சொந்தக்காரர்கள் பத்துப் பேர் செல்போனை உயர்த்திக்கொண்டு நடுவில் நிற்பார்கள். கேமராக்கள் நான்கும் பெண்ணையே பார்க்கும். மாப்பிள்ளை முகத்தை எடுக்க ஒருவர்கூட இருக்க மாட்டார்.

சரிசெய்வது சுலபம். பெண்ணை ஹாலின் முன்பக்கமாக, மாப்பிள்ளைக்கு நேர் எதிரில் வரும் வழியாக அழைத்து வாருங்கள். நாற்காலிகளுக்கு நடுவே 5 அடி வழி விடச் சொல்லுங்கள். இரண்டு வீட்டிலிருந்தும் ஒரு சித்தப்பாவோ மாமாவோ அந்த வழியில் நின்றால் கூட்டம் சேராது. பெண் கதவருகே வந்ததும் புரோகிதருக்குத் தெரியும்படி ஒருவர் கை காட்டட்டும். ஒரு நிமிடம் மந்திரத்தை நிறுத்திக்கொள்ளலாமா என்று முன்னாலேயே கேட்டால் அநேகமாக யாரும் மறுப்பதில்லை. கேண்டிட் போட்டோகிராபர் ஒருவர் மாப்பிள்ளை முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும் என்பதைப் பேச்சில் விடாமல் ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். முதல் வழியைத் தேர்ந்தெடுக்கும் குடும்பம் இதைச் செய்தால் போதும். தனிச் சந்திப்பு இல்லாததால் ஒன்றும் குறையாது.

புடவை மாற்ற ஆகும் நேரத்தைப் புரோகிதரிடம் சொல்லிவையுங்கள். ஆறு கஜம் என்றால், நகையும் பூவும் சேர்த்து 20 நிமிடம். ஒன்பது கஜ மடிசார் என்றால் பழகிய கை இருந்தால் 30, இல்லையென்றால் 40. கட்டிவிடப் போகிறவர் யார் என்பது முதல் நாளே முடிவாகியிருக்க வேண்டும். பட்டியலில் 10 நிமிடம் என்று போட்டுவிட்டு, வெளியே முகூர்த்தம் முடியப்போகிறது என்று எல்லாரும் கதவைத் தட்டும்போதுதான் கொசுவம் நழுவும்.

கடிகாரம் என்ன சொல்கிறது

காலைச் சந்திப்பு சரிவருமா என்பதை முகூர்த்த நேரம் ஒன்றே பாதி முடிவு செய்துவிடும். மணப்பெண் மேக்கப், சிகையலங்காரம், புடவை, நகை எல்லாம் சேர்த்து இரண்டரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னல் முழுக்கப் பூ தைப்பதாக இருந்தால் மூன்று.

6.00–7.30 முகூர்த்தம் என்றால் பெண் 5 மணிக்குள் தயாராக வேண்டும். அதாவது மேக்கப் 2.30-க்குத் தொடங்க வேண்டும். முதல் நாள் ரிசப்ஷன் முடிந்து, சாப்பிட்டு, மேக்கப்பைக் கழுவிப் படுக்க 11.30 ஆகிவிடும். தூங்கக் கிடைப்பதே மூன்று மணி நேரம். இதில் சந்திப்பைச் சேர்த்தால் இன்னும் முக்கால் மணி போகும். வெளிச்சமும் கிடையாது: சென்னையில் வைகாசியிலேயே சூரியன் எழ 5.40-க்கு மேல் ஆகும். தை மாதக் கடைசியில் 6.35. கோவையில் இன்னும் பத்துப் பதினைந்து நிமிடம் பிந்தும். தூக்கமில்லாத கண்ணோடு, மண்டபத்து டியூப்லைட்டில் எடுக்கும் படத்துக்காக இந்தப் பாடு வேண்டாம். அதிகாலை முகூர்த்தத்துக்குக் காலைச் சந்திப்பு வேண்டாம் என்று அடித்துச் சொல்லலாம்.

7.30–9.00 முகூர்த்தம் நடுவாந்தரம். மாப்பிள்ளை 6.30-க்கு மணவறையில் உட்கார வேண்டும். சந்திப்பு 5.50 முதல் 6.10 வரை. சித்திரை, வைகாசி, ஆவணி மாதங்களில் அந்த நேரத்துக்கு நல்ல இளவெளிச்சம் இருக்கும். தை மாதத்தில் இருட்டு, விட்டுவிடுங்கள்.

9.00–10.30 முகூர்த்தம்தான் சந்திப்புக்கு ஏற்றது. மேக்கப் 4 மணிக்குத் தொடங்கி 6.30-க்கு முடியும். 6.45 முதல் 7.05 வரை சந்திப்பு. வெயில் இன்னும் ஏறியிருக்காது, டிபன் பந்தி அப்போதுதான் தொடங்கும், கூட்டம் குறைவு. அதன்பின் சடங்கு தொடங்க 45 நிமிடமாவது கையில் இருக்கும். பெண் ஒரு வாய் சாப்பிடலாம். தாலி ஏறும் வரை சாப்பிடக் கூடாது என்ற வழக்கம் இருந்தால், பாலாவது இளநீராவது கொடுத்துவையுங்கள். மணவறையில் மயங்கி விழுவதற்கு வெறும் வயிறும் புகையும் மாலையின் கனமும் சேர்ந்தால் போதும்.

ராகு காலமும் எமகண்டமும் பார்க்கும் வீடா என்று கேட்டுக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை 7.30–9.00 ராகு காலம், ஆகவே 9 மணி முகூர்த்தமென்றால் சந்திப்பு 7.30-க்குள் முடிய வேண்டும். வியாழக்கிழமை 6.00–7.30 எமகண்டம், படத்துக்கு மிக நல்ல வெளிச்சம் அதற்குள்தான் விழுகிறது. புதன்கிழமை எமகண்டம் 7.30–9.00. ஞாயிறும் வெள்ளியும் காலையில் தடையில்லை. படம் எடுப்பது சடங்கு இல்லைதான். ஆனாலும் அலங்காரத்தோடு முதலில் ஒருவரையொருவர் பார்ப்பதை எமகண்டத்தில் வைத்தால், பிற்காலத்தில் எது நடந்தாலும் அதைச் சொல்லிக் காட்டும் ஒரு வாய் இருக்கும். அரை மணி தள்ளிவைத்தால் தீர்ந்துவிடுகிற விஷயம்.

சந்திப்பு என்று முடிவு செய்தால்

இடம் முதலில். மண்டபத்து மொட்டை மாடி, போர்ட்டிகோ, உள்ளே இருக்கும் பிள்ளையார் சந்நிதி முன் என்று 15 அடிக்கு 15 அடி போதும். வானம் தெரியும் பக்கம் முகம் இருக்கும்படி நிற்க வேண்டும். வராந்தாவில் எடுப்பதானால் டியூப்லைட்டை அணைத்துவிடுங்கள்; அதன் பச்சைச் சாயல் பட்டின் நிறத்தை மாற்றிவிடும், அரக்கும் மாம்பழ மஞ்சளும் ஆல்பத்தில் அடையாளம் தெரியாமல் போகும். ஃபிளாஷை நேராக அடித்தால் ஜரிகை வெள்ளையாக எரியும். வெளிச்சம் போதவில்லை என்றால் வெள்ளைக் கூரையில் பட்டுத் திரும்பும்படி அடிக்கச் சொல்லுங்கள்.

ஆட்கள் அடுத்தது. ஸ்டில் ஒருவர், வீடியோ ஒருவர், பெண்ணோடு அக்காவோ தங்கையோ, மாப்பிள்ளையோடு தோழன். இவ்வளவுதான். பெரிய டிரெடிஷனல் டீம் முழுக்க வந்தால் அங்கேயே விளக்குக் கம்பம் நட்டு, குடை விரித்து, இருபது நிமிடம் ஒரு மணி நேரமாகும். கேமராக்காரர்கள் 12 அடி தள்ளி நிற்கட்டும். அதற்கேற்ற லென்ஸ் அவர்களிடம் உண்டு. முதல் ஐந்து நிமிடம் யாரும் பேசக் கூடாது, “இப்படித் திரும்புங்க, இன்னொரு தடவை வாங்க” கிடையாது. மறுபடி நடந்து வரச் சொன்னால் அந்த முகம் திரும்ப வராது; நடிப்பு மட்டும் வரும். மாப்பிள்ளை முதுகைக் காட்டி நிற்பது, பெண் பின்னால் வந்து தோளைத் தொடுவது என்ற ஏற்பாடு இப்போது எல்லா ஆல்பத்திலும் இருக்கிறது. இருவரும் கூச்சப்படுகிறவர்களாக இருந்தால் அதெல்லாம் வேண்டாம். பெஞ்சில் உட்காரவைத்து ஆளுக்கொரு டம்ளர் காப்பி கொடுங்கள். லிப்ஸ்டிக் கலையாமல் குடிக்க ஸ்ட்ரா போடுகிறார்கள். பரவாயில்லை, கலைந்தால் இரண்டு நிமிடத்தில் போட்டுக்கொள்ளலாம்.

இந்தச் சந்திப்பின் உண்மையான பலன் படம் அன்று. பெண் அதிகாலையிலிருந்து யார் யாரோ தலையைப் பிடித்து இழுக்க உட்கார்ந்திருக்கிறாள். மாப்பிள்ளை இன்னொரு அறையில் வேட்டி நிற்குமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறார். அன்று இரவு வரை இருவரும் ஆயிரம் பேருக்கு நடுவில்தான் இருப்பார்கள். பெற்றோர் நிச்சயித்த கல்யாணத்தில், அந்தப் பதினைந்து நிமிடம்தான் அன்றைக்கு இருவரும் வேறு யாருக்காகவும் சிரிக்க வேண்டாத நேரம். “சாப்பிட்டியா?”, “தூங்கினீங்களா?” என்ற இரண்டு கேள்வி போதும், மணவறையில் கை நடுங்காது.

உடுப்பு: பெண் மணவறைக்கு முதலில் வரும் பட்டிலேயே வரட்டும், தனி உடை வேண்டாம். மாலை போட்டுத்தான் ஆக வேண்டும் என்றால் மெல்லிய சரமாகத் தனியாக ஒரு ஜோடி வாங்குங்கள். முகூர்த்த மாலையைத் தொடவே கூடாது; அதை ஈரத் துணி போர்த்தி, வாழையிலை விரித்த கூடையில், ஏசி நேராக அடிக்காத இடத்தில் வைத்திருக்க வேண்டும். மாலை மாற்றிக்கொள்வது போல் போஸ் கொடுக்கவும் வேண்டாம். பல பெரியவர்களை நிஜமாகவே புண்படுத்துவது அதுதான், அந்த வருத்தத்தில் பொருள் இருக்கிறது.

இந்தப் படங்களில் தாலி இருக்காது, மெட்டி இருக்காது, கூறைப்புடவை இருக்காது. வீட்டுக் கூடத்தில் மாட்டப்போகும் பெரிய படம் இதிலிருந்து வராது. ஆல்பம் வந்த பிறகு மாமியாரோ பாட்டியோ, “கழுத்துல தாலி இல்லாத போட்டோவையா பெருசு பண்ணிருக்கீங்க?” என்று கேட்கும்போது இது தெரியவரும். ஆகவே சந்திப்பு வைத்தாலும், தாலிக்குப் பின் 20 நிமிடம் ஒதுக்கியே ஆக வேண்டும்.

தாலிக்குப் பின்

ஒதுக்குவது சொல்வதுபோல் சுலபமில்லை. தாலி ஏறி, மெட்டி போட்டு, அம்மி மிதித்து, அருந்ததி பார்த்து முடிய முக்கால் மணிக்கு மேல் ஆகும். அதற்குள் மொய்க்கவரோடு வரிசை நிற்கத் தொடங்கிவிடும். ஒவ்வொரு குடும்பமாக மேடையேறிப் படம் எடுத்து இறங்க 12.30 ஆகும். அப்போது அட்சதை அரிசி தலைமுடிக்குள், மஞ்சள் கன்னத்தில், புகையால் கண் சிவப்பு. வெயில் உச்சியில் இருப்பதால் வெளியே நின்றால் கண்ணுக்குக் கீழே கருநிழல் விழும். மண்டபத்தை 3 மணிக்குக் காலி செய்ய வேண்டும். மாப்பிள்ளை வீட்டுக்குப் போகும் நல்ல நேரம் வேறு குறுக்கே வரும்.

இரண்டு தீர்வுகள் வேலை செய்கின்றன. சடங்கு முடிந்ததும், வரிசை தொடங்கும் முன், இலை போட்டாகிவிட்டது என்று மைக்கில் அறிவித்து விருந்தினரைப் பந்திக்கு அனுப்பிவிட்டு, 20 நிமிடம் ஜோடியை மட்டும் மணவறையிலேயே எடுப்பது ஒன்று. வெளியே அழைத்துப் போக வேண்டாம். அந்த மணவறைப் பூவும் அணையாத ஹோமமும்தான் பின்னணி. முகத்தை ஒற்றித் துடைக்க ஐந்து நிமிடம் கொடுங்கள். நெற்றிக் குங்குமம் மூக்கில் உதிர்ந்திருந்தால் துடைக்க வேண்டாம், அது அந்த நாளின் அடையாளம். கண்ணுக்குக் கீழ் மை தீட்டாமல் விட்டு, நீரில் கலையாத மஸ்காரா போட்டிருந்தால் புகைக்கும் அழுகைக்கும் தாங்கியிருக்கும். இதை மேக்கப் செய்பவரிடம் ஒத்திகை நாளிலேயே சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று, ஐந்தாறு நாளுக்குள் ஒரு மாலையில் அதே கூறைப்புடவையில் எடுப்பது. மருதாணி மங்குவதற்கு முன் என்பதால் ஒரு வாரத்தைத் தாண்ட விடாதீர்கள். புது மஞ்சள் கயிறு கழுத்தில், அவசரம் இல்லாத முகம், 4.30 மணி வெயில். மணவறை வரை பார்ப்பதில்லை என்ற வழக்கம் உள்ள வீடுகளுக்கும், அதிகாலை முகூர்த்தத்துக்கும் எங்கள் முதல் தேர்வு இதுதான்.

முதல் நாள் ரிசப்ஷன்

இதன் பலம் வசதி. ஒரே வாடகையில் இரண்டு நிகழ்ச்சி, அலுவலகம் முடித்து வருகிறவர்களுக்கு ஏற்ற நேரம், மறுநாள் காலை நெருங்கிய சொந்தம் மட்டும். தாலி கட்டாமல் ஜோடியாக நிற்பதா என்ற வருத்தம் வந்தால், மாலை 5 மணிக்கே நிச்சயதார்த்தத்தை வைத்து லக்னப் பத்திரிகை வாசித்து, தட்டு மாற்றி, அதன்பின் மேடை ஏற்றுவது நல்ல வழி. பெரியவர்கள் பெரும்பாலும் இதை ஏற்றுக்கொள்கிறார்கள். ஜோடிப் படங்களை 6 மணிக்கே, விருந்தினர் வரும் முன் எடுத்துவிடுங்கள், பிறகு கிடைக்காது. இதன் பலவீனம் தூக்கம். 10 மணிக்கு மேடையை மூடுவது என்று இரு வீட்டாரும் ஒத்துக்கொண்டால் ஒழிய, காலை 6 மணி முகூர்த்தத்தோடு இதைச் சேர்க்காதீர்கள். இருவரும் அந்த நான்கு மணி நேரத்தில் ஒருவரோடு ஒருவர் பேசியிருக்கவும் மாட்டார்கள். அதனால் ரிசப்ஷனில் பார்த்தாகிவிட்டதே, காலையில் எதற்கு என்ற வாதம் பாதிதான் சரி.

சர்ச் கல்யாணமும் மற்றவையும்

தமிழ்க் கிறிஸ்தவக் கல்யாணத்தில் நிலைமை மேல்நாட்டுக்கு நெருக்கமானது. வாசலிலிருந்து பீடம் வரை நேரான நடைபாதை இருக்கிறது. மாப்பிள்ளை முன்னால் காத்திருக்கிறார். பெண் அப்பாவின் கையைப் பிடித்து, முக்காடும் வெள்ளைப் பட்டுமாக வருகிறாள். மணவறை போல லிஃப்டும் புகையும் மறைப்பதில்லை. அந்த நடைக்காகவே முன்கூட்டிப் பார்க்காமல் இருப்பது பொருத்தம். எதிர்வாதம் வெளிச்சம் ஒன்றுதான். பொங்கல் கழித்துச் சென்னையில் மாலை 4 மணி ஆராதனை என்றால், முடிந்து பதிவேட்டில் கையெழுத்திட்டு வெளியே வர 5.30 ஆகும், 6 மணிக்குச் சூரியன் மறைந்துவிடும். அந்த அரை மணியில் குடும்பப் படங்களே முடியாது. அப்படி இருந்தால் 2.30-க்குச் சந்திப்பு வைக்கலாம், அல்லது ஆராதனையை 3 மணிக்கு மாற்ற முடியுமா என்று ஓலை (சர்ச்சில் வாசிக்கும் கல்யாண அறிவிப்பு) வாசிக்கக் கொடுக்கும்போதே போதகரிடம் கேட்கலாம். இரண்டாவதுதான் மேல். தாலி கட்டியபின் ரிசப்ஷனுக்குப் புடவை மாற்றுவதால், படம் எடுக்க இன்னொரு வாய்ப்பும் இருக்கிறது.

நிக்காஹ்வில் மணப்பெண்ணின் ‘வலி’ எனப்படும் பொறுப்பாளர், சாட்சிகள் ஆகியோர் முன்னிலையில் ஒப்பந்தம் முடிகிறது. மணமக்கள் ஒரே இடத்தில் இருக்க வேண்டியதில்லை. நிக்காஹ் முடிந்தபின் மாப்பிள்ளையைப் பெண்ணிடம் அழைத்துப் போகும் அந்த நேரமே முதல் பார்வை. அதற்கு முன் சேர்த்து எடுக்கக் கேட்கவே வேண்டாம்.

சுயமரியாதைத் திருமணத்தில் தடை எதுவும் இல்லை. 1967-இல் தமிழ்நாடு சேர்த்த இந்து திருமணச் சட்டத்தின் 7-ஏ பிரிவின்படி மாலையோ மோதிரமோ மாற்றினாலும் தாலி கட்டினாலும் செல்லும். நேரமும் வரிசையும் மணமக்கள் கையில். மணமக்கள் ஒன்றாகவே கைகோத்து மேடைக்கு வருவது அங்கே அழகாக இருக்கும்.

திருப்பரங்குன்றம், வடபழனி போன்ற கோயில்களில் முகூர்த்த நாளில் ஜோடி மேல் ஜோடியாக நிற்கும். உங்களுக்குக் கிடைப்பது சில நிமிடம். புடவை மாற்ற அறையும் நிச்சயமில்லை. தங்கும் விடுதியிலேயே முழுக்கத் தயாராகி வருவதால் பார்த்துக்கொள்வதைத் தவிர்ப்பது கடினம். விடுதி வாசலில் பத்து நிமிடம் அமைதியாகச் சந்தித்துவிட்டு வருவதே நல்லது.

இரு வீட்டுக் கருத்தும் மோதினால்

பெண் வீடு சம்மதித்து, மாப்பிள்ளை வீடு மறுத்தால் சந்திப்பை விட்டுவிடுங்கள். ஒரு மனத்தாங்கலோடு மணவறையில் உட்காரும் மாமியாரின் முகம் எல்லாப் படத்திலும் தெரியும். ஆனால் மணமக்களில் ஒருவர் எனக்குப் பதற்றமாக இருக்கிறது, ஐந்து நிமிடம் பேச வேண்டும் என்று கேட்டால், அதைக் கேமராவே இல்லாமல் நடத்திக் கொடுங்கள். கதவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று பேசினாலும் போதும். ‘பார்க்கவில்லை’ என்ற வாக்கும் காப்பாற்றப்படும்.

முடிவு எதுவானாலும் பத்து நாளுக்கு முன் எழுதிவிடுங்கள்: மேக்கப் தொடக்கம், சந்திப்பு, அது முடியும் நேரம், மாப்பிள்ளை மணவறையில் உட்காரும் நேரம், கூறை கொடுக்கும் நேரம், பெண் திரும்ப வரும் வழி. ஒரு பிரதி புரோகிதருக்கு, ஒன்று நாதஸ்வரக்காரருக்கு, ஒன்று பெண் அறைக் கண்ணாடியில் ஒட்ட, ஒன்று மாப்பிள்ளைத் தோழன் சட்டைப் பையில். சந்திப்பு முடியும் நேரத்தைச் சிவப்பு மையில் எழுதுங்கள். தோழனுக்கு அன்றைக்கு வேறு வேலை கொடுக்காதீர்கள்.